1917 எஸ்.எம்.எல்.ஈ. (பிரிட்டிஷ் ராணுவ லீ-என்ஃபீல்டு ரைஃபிள்) பேரலை வெட்டி ஸ்போர்ட்டரா, அதாவது வேட்டைத் துப்பாக்கியா மாத்தப் போறேன், யாராச்சும் தடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க

துருப்பிடிச்சவன்:
எல்லாருக்கும் வணக்கம். லைசென்ஸ்ல ஏத்தின பழைய எஸ்.எம்.எல்.ஈ. ஒண்ணு கைக்கு வந்திருக்கு, .303 தான். பட் (தோள்ல வைக்குற பின்கட்டை) மாட்டுற இரும்பு சாக்கெட்டோட வலது பக்கம் கிரீடம், அதுக்குக் கீழ ஜி.ஆர். (மன்னர் ஜார்ஜோட எழுத்து), அப்புறம் 1917, கடைசியா மூணாம் மார்க் ஸ்டார்னு மாடல் பேர் அடிச்சிருக்கு. எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் முன்கட்டையைப் பாதியில அறுத்துட்டார், நோஸ் கேப் (நுனியில மாட்டுற இரும்பு மூடி) இல்ல, மேல்கட்டையும் இல்ல, வெட்டுன எடத்தை அரத்தால உருட்டிவிட்டு வார்னிஷ் அடிச்சு வச்சிருக்கார், பாக்கவே வயிறு எரியுது. ஏற்கெனவே கெட்டுப்போனதுதானேன்னு மிச்சத்தையும் முடிச்சிரலாம்னு பிளான். பேரல் 22 இன்ச்சுக்குக் குறையணும், மேல ஹாட் ப்ளூ (இரும்பைக் கருப்பாக்குற சூட்டு வேலை), பின்கட்டையை மழமழன்னு தேய்ச்சு எண்ணெய். பட்டோட வலது பக்கம் நேத்தே எமரி போட ஆரம்பிச்சாச்சு. என்ன சொல்றீங்க?

முத்திரைப்பித்தன்:
தம்பி மொதல்ல அந்த எமரி பேப்பரைக் கீழ வை. பட் மரத்துல குத்தியிருக்குற இன்ஸ்பெக்டர் முத்திரை எல்லாம் எத்தனை ஆழம்னு நெனைக்கிற, நகத்தால தடவுனாத்தான் தெரியும், ரெண்டு இழுப்பு இழுத்தா போச்சு. நூறு வருஷமா இருந்தது உன் ஒரு ஞாயித்துக்கெழமையில காலி.

பட்டறைக்காரன்:
வந்துட்டாருய்யா மியூசியம். சார் அவன் கையில இருக்குறது பாதி துப்பாக்கி, அதை கண்ணாடிப் பொட்டியில வச்சா யாரு பாப்பா? அவன் காசு, அவன் லைசென்ஸ். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ இதெல்லாம் குவியல் குவியலா சல்லிசா வித்தாங்க, வேட்டைக்குப் போறவன் வாங்கிக் கட்டையை வெட்டி வெயிட்டைக் கொறச்சுக்கிட்டான், அதுவும் இந்தத் துப்பாக்கியோட சரித்திரம்தான். 1917ல அடிச்ச முத்திரை மட்டும்தான் சரித்திரம், 1955ல ஒருத்தன் அறுத்தது குப்பைன்னு யாரு தீர்மானிச்சது?

முத்திரைப்பித்தன்:
அன்னைக்கு அது மலிவு, அதனால வெட்டுனாங்க, ஒத்துக்கறேன். ஆனா வெட்டி வெட்டித்தான் இன்னைக்கு முழுசா இருக்குறதுக்குக் கிராக்கி. ஸ்போர்ட்டர் பண்ணினதை விக்கப் போனா பாதி பேர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.

பட்டறைக்காரன்:
விக்கிறதுக்கா வாங்கினான்?

எண்ணெய்க்கை:
ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் வச்சுக்கங்க, எனக்கு ப்ளூயிங் பத்தித்தான் கவலை. தம்பி ஹாட் ப்ளூன்னா காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த உப்புத் தண்ணி, சுமார் 140 டிகிரியில கொதிக்கும், மேல தெறிச்சா சதையோட வரும். வீட்டுல பண்ற வேலையே இல்ல அது. துரு ப்ளூ பண்ணு, பொறுமை மட்டும் இருந்தாப் போதும். எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாம கழுவி, கைரேகை படாம க்ளவுஸ் போட்டு, துரு ஏத்துற திரவத்தை லேசாத் தடவி ஈரக்காத்துல விட்டா மெல்லிசா செந்துரு பூக்கும். அதை டிஸ்டில்டு வாட்டர்ல கொதிக்க வச்சா நம்ம கண்ணு முன்னாடியே செவப்பு கருப்பாகும், வெல்வெட் மாதிரி. மாயமெல்லாம் இல்ல, செந்துரு மேக்னடைட்டா மாறுது. அதை நாலு சைபர் ஸ்டீல் வுல்லால துடைச்சா அடியில சாம்பல் நெறம் ஒட்டியிருக்கும், மறுபடி தடவு, மறுபடி கொதிக்க வை, ஆறேழு தடவை. மொதல் ரெண்டு தடவை திட்டுத்திட்டா அசிங்கமா இருக்கும், அங்கதான் பல பேர் விட்டுட்டு ஓடிருவாங்க. அந்த ஸ்டீல் வுல்லையும் எண்ணெய் போகக் கழுவிக்கோ, கடையில வாங்கும்போது அதுல எண்ணெய் இருக்கும், நான் அதுல ஒரு தடவை மொத்த வேலையும் வீணாக்கினேன்.

பட்டறைக்காரன்:
கோல்ட் ப்ளூ (சூடு பண்ணாம தடவுற திரவம்) தடவினா பத்து நிமிஷம்.

எண்ணெய்க்கை:
பத்து நிமிஷத்துல வரும், பத்து தடவை கையில எடுத்தா தேய்ஞ்சும் போகும். கீறலை மறைக்க ஆகும், முழு பேரலுக்கு ஆகாதுண்ணே.

மைக்ரோமீட்டர்:
ஒருத்தர்கூட முக்கியமான கேள்வியைக் கேக்கல. பேரல் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கா இல்லையா? கட்டை போனா வேற கட்டை தேடிக்கலாம், நோஸ் கேப் தேடிக்கலாம், பேரல் போனா போனதுதான். அளக்குறது ஈஸி. மேகஸினைக் கழட்டு, சேம்பர் (தோட்டா உக்காருற எடம்) காலின்னு கண்ணால பாத்து விரலாலயும் தொட்டுப் பாரு, போல்ட்டை மூடு, வாய் வழியா ஒரு மரக்குச்சியை போல்ட் முகத்துல முட்டுற வரைக்கும் விட்டு வாய்கிட்ட கோடு போட்டுக்கோ. ஒரிஜினல்னா 25.2 இன்ச், அதாவது 64 சென்டிமீட்டர். ஃப்ரன்ட் சைட் பிளாக் (முன் குறிமுள் உக்காருற கட்டி) இருக்கான்னும் பாரு.

இன்னொண்ணு, பட்டைக் கழட்டப் போறியா? முன்கட்டையை எடுக்காம பட் போல்ட்டை (பின்கட்டையைப் பிடிச்சிருக்குற நீள ஸ்க்ரூ) திருப்பாத. அந்த போல்ட்டோட சதுர நுனி முன்கட்டையில இருக்குற தகட்டுல மாட்டியிருக்கும், ஸ்க்ரூடிரைவரை விட்டு ஜோராத் திருப்பினா கட்டை பின்னாடி பிளந்துரும்.

பட்டறைக்காரன்:
சரி 25.2 இருக்குன்னே வைங்க, கட்டை இல்லாம எப்படி சுடுவான்? இந்த மாடல்ல முன்கட்டை நுனிகிட்ட ஸ்பிரிங் வச்ச ஒரு ஸ்டட் பேரலை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், அந்த அழுத்தத்தை நம்பித்தான் ட்யூன் பண்ணியிருக்காங்க. பாதியில அறுத்ததால அது போயிருச்சு, குண்டு எல்லாம் ஒரே எடத்துல விழாது. அதான் சொல்றேன், பேரலைக் குறைச்சு கட்டையில படாம ஃப்ரீயா விடட்டும், வாயை கன்ஸ்மித் லேத்துல போட்டு க்ரவுன் பண்ணி, அதாவது விளிம்பைச் சரியா சீவித் தரட்டும்.

மைக்ரோமீட்டர்:
நீங்க சொன்ன வியாதி சரி, மருந்துதான் தப்பு. முழு கட்டை போட்டா அந்த ஸ்டட்டும் திரும்பி வந்துரும்ல. ஆனா முன்கட்டை ரிசீவருக்கு (போல்ட் ஓடுற இரும்பு உடம்பு) பின்னாடி உக்காருற ரெண்டு முகம் இறுக்கமா இருக்கணும், ரீகாயில் (சுடும்போது வர்ற பின்னுதை) அங்கதான் எறங்கும். அதுல எமரி வச்சா தொலைஞ்சோம். போல்ட் லக்லயும் (போல்ட்டைப் பூட்டுற முனைப்பு) கை வைக்காத, பாலிஷ் பண்றேன்னு ஹெட்ஸ்பேஸை (மூடின போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) கூட்டிட்டு வந்து நிக்காத. எது பண்ணினாலும் சுடுறதுக்கு முன்னாடி கன்ஸ்மித் ஒரு தடவை கேஜ் போட்டுப் பாக்கட்டும்.

முத்திரைப்பித்தன்:
போல்ட் கைப்பிடி பின்பக்கம் நம்பர் இருக்கும், ரிசீவர் நம்பரோட ஒத்துப் பாரு. நம்பர் இருக்குற எடத்துல அரமோ பஃப்போ படவே கூடாது, அது தேய்ஞ்சா நெறைய நாட்டுல தனி கேஸே ஆகும்.

துருப்பிடிச்சவன்:
அளந்தேன். மூணு தடவை அளந்தேன், 64 செ.மீ. பிளாக் இருக்கு. நம்பரும் ஒண்ணா இருக்கு.

முத்திரைப்பித்தன்:
அடேய்!! வெட்டிராத!

பட்டறைக்காரன்:
சரி சரி. நம்பர் ஒத்துப்போச்சுன்னா நானும் வெட்ட மாட்டேன். ஆனா கட்டை கிடைக்க வருஷமாச்சுன்னா என்கிட்ட வந்து அழாத.

எண்ணெய்க்கை:
அப்போ துரு ப்ளூவும் வேணாம் தம்பி. பேரல் மேல செந்துரு இருக்குற எடத்துல மட்டும் எண்ணெய் போட்டு ஸ்டீல் வுல்லால மெதுவா எடு, கருப்பா ஒட்டியிருக்குறது துருவே இல்ல, பழைய ஃபினிஷ். பட்டுல அமுங்கின எடத்தை ஈரத்துணி வச்சு அயர்ன் பாக்ஸால ஆவி காட்டு, மரம் தானா எழும்பும், முத்திரை இருக்குற எடத்தை மட்டும் விட்டுரு, அதுவும் எழும்பி அழிஞ்சிரும். அப்புறம் பச்சை லின்சீட் ஆயில், கையாலயே தேய். எண்ணெய் துடைச்ச துணியை உருட்டிப் போட்டுராத, தானா தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடு.

முத்திரைப்பித்தன்:
வலது பக்கம் தேய்ச்சேன்னு சொன்னியே, எது வரைக்கும்?

துருப்பிடிச்சவன்:
டார்ச்சை சாய்ச்சு வச்சுப் பாத்தேன்ணே. கிரீடத்துல மேல் பாதி தெரியுது. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல, வழவழன்னு இருக்கு.

முத்திரைப்பித்தன்:
சரி விடு. இடது பக்கம் பத்திரம்.