பதில்: அம்பின் ‘ஸ்பைன்’ – துவள்வு என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

அம்பின் தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைச் சொல்லும் ‘ஸ்பைன்’ (spine, நேர்ப்பொருள் முதுகெலும்பு) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று இந்தக் குழுவில் நான்கு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நாண், தூணி, தொடுத்தல், எய்தல் என்று வில்வித்தைக்கு வேண்டிய சொற்களில் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன, தூசி தட்டி எடுத்தால் போதும். ஸ்பைன் அப்படியில்லை. அம்பின் இந்தக் குணத்தை அளந்து எண்ணாக எழுதுவது பிற்காலப் பழக்கம் என்பதால் பழைய நூல்களில் தேடிப் பயனில்லை. நாமேதான் ஆக்க வேண்டும்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். அம்பின் தண்டை 28 அங்குல இடைவெளி விட்டு இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்தி, நட்டநடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். தண்டு நடுவில் கொஞ்சம் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் எழுதினால் அதுதான் ஸ்பைன். அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் இறங்கினால் 500. முழு அங்குலம் இறங்கினால் 1000. 340 என்று அச்சடித்த தண்டு 9 மில்லிமீட்டர்கூட இறங்காது, கையில் வாங்கி வளைத்துப் பார்த்தாலே அந்த வித்தியாசம் தெரியும். ஆக, எண் கூடக் கூட விறைப்பு குறைகிறது. வந்திருக்கும் சொற்களை எல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

> முதுகெலும்பு என்றே போடலாம், ஆங்கிலத்திலும் அப்படித்தானே இருக்கிறது.

இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆங்கிலம் தெரியாமல் வில்லை எடுக்கும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ‘அம்பின் முதுகெலும்பு 500’ என்றால் என்ன புரியும்? அம்புக்குள் ஏதோ ஒரு எலும்பு, ஒரு உள்தண்டு இருக்கிறது என்று நினைக்கும். இப்போதைய கார்பன் தண்டு உள்ளே வெறும் குழாய். அப்புறம் எய்பவரின் முதுகைப் பற்றி வேறு நாம் ஓயாமல் பேசுகிறோம். நாணை இழுப்பது கையால் மட்டும் இல்லை, தோள்பட்டை எலும்புகளை உள்ளே கூட்டி முதுகுத் தசையால் இழுக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே சொல்லித் தருகிறோம். ஒரே வகுப்பில் இரண்டு முதுகு தாங்காது.

> விறைப்பு என்பது இயற்பியலில் இருக்கும் சொல். அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

அழகான சொல், நானும் பல வருடம் அதைத்தான் பயன்படுத்தினேன். விட்டதற்குக் காரணம் ஒரு பையன். 40 பவுண்டு இழுவிசை உள்ள வில்லுக்கு 1000 எண் போட்ட கார்பன் அம்புகளை ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். ‘விறைப்பு எண் பெரிதாக இருந்தால் பலமான அம்புதானே’ என்றான். சொல்லிக்கொடுத்தது நான்தான், அந்தச் சொல் அவனை நேராக அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. அந்த வில்லுக்கு 500, 600 அளவில் வாங்கியிருக்க வேண்டும். 1000 என்பது அதில் பாதி இழுவிசை உள்ள பழகு வில்லுக்கு உரியது. அளவுக்கு மீறித் துவளும் அம்பைப் பலமான வில்லில் தொடுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு எங்கேயோ போகும் என்பது சின்னக் கவலை. கார்பன் தண்டு எய்யும் நொடியிலேயே உடைந்து சிம்பு சிம்பாக வில் பிடித்த கையில் ஏறலாம் என்பதுதான் பெரிய கவலை. நல்லவேளை, எய்வதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து என் நிலைப்பாடு இதுதான்: எண் எந்தத் திசையில் ஏறுகிறதோ அந்தத் திசையிலேயே சொல்லின் பொருளும் ஏற வேண்டும்.

‘உரம்’ என்று எழுதியவருக்கும் இதே பதில்தான். கூடவே ஒன்று. உரம் என்றதும் தடிமன் நினைவுக்கு வருகிறது, அது தனி அளவு. 18 மீட்டர் உள்ளரங்கப் போட்டியில் பருமனான தண்டு இலக்கின் வளையக் கோட்டைத் தொட்டு ஒரு புள்ளி கூடுதலாக வாங்கித் தரும் என்பதால் பலர் பருத்த அம்பைத் தேடிப்போகிறார்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதி தண்டின் விட்டத்தை 9.3 மில்லிமீட்டரோடு நிறுத்துகிறது. விதிகளைத் தமிழில் எழுதும்போது தடிமன், விட்டம் என்ற சொற்கள் அங்கே வேலை செய்ய வேண்டும், அவற்றை இங்கே இழுத்து வரக் கூடாது.

சரி, வளைகிற பக்கத்துச் சொற்களுக்கு வருவோம். ‘வளைவு’ எனக்கு ஒத்துவரவில்லை. பயிற்சி மைதானத்தில் ‘அம்பு வளைந்திருக்கிறது’ என்றால் அது கெட்டுப்போன அம்பு, எடுத்து ஓரமாக வை என்று அர்த்தம். ‘நெகிழ்வு’ என்றவுடன் நெகிழி, குழைவது என்று மனம் போகிறது. குழைந்து அப்படியே நின்றுவிடும் பொருள் அம்புக்கு ஆகாது. ‘ஒசிவு’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன், கொடி ஒசிவது எவ்வளவு அழகு! ஆனால் ஒசித்தல் என்றால் முறித்தல் என்றும் பொருள் உண்டே, கொம்பொசித்தான் என்கிறோமே. அம்பின் மேல் அந்தச் சொல்லை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

துவள்வு என்பதில் நமக்கு வேண்டியது அப்படியே இருக்கிறது. ஒரு சாட்டைக்குச்சியை நுனியில் பிடித்து ஆட்டுங்கள், அது துவளும்: இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் வந்து, கடைசியில் நேராகும். வில்லை விட்டுக் கிளம்பும் அம்பு செய்வதும் இதையேதான். விரல்களிலிருந்து நழுவும் நாண் அம்பின் வாலைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளுகிறது, எதிரே வில்லின் பிடி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, நடுவில் மாட்டிய தண்டு பிடியைச் சுற்றி வளைந்து, பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து, இறகு பிடியில் உரசாமல் தப்பித்துப் போகிறது. குறிக்கு நேராக வைக்காத அம்பு குறிக்கு நேராகப் போகிற இந்த விந்தைக்கு ‘வில்லாளர் முரண்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் அமெரிக்க வில்வித்தை எழுத்தாளர் ராபர்ட் எல்மர், 1930களில். வேகப் படக்கருவியில் இதைப் படம் பிடித்தவர் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன். மெதுவாக ஓட்டிய படத்தில் பார்த்தால் அம்பு மீன் மாதிரி நீந்திப்போகும். பார்த்தவர் யாருக்கும் துவள்வு என்ற சொல்லைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

> துவண்டு போவது சோர்வைக் குறிக்கும். வீர விளையாட்டுக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. துவண்டு விழுவது, துவண்டு போவது என்று துணைவினை சேரும்போதுதான் சோர்வு முன்னால் வருகிறது என்று நினைக்கிறேன். துவளும் கொடி என்றால் யாரும் கொடி களைத்துவிட்டது என்று எண்ணுவதில்லை. பெயர்ச்சொல்லாகத் ‘துவள்வு’ அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்காததும் நமக்கு வசதி, புதுப் பொருளை ஏற்ற இடம் இருக்கிறது.

மர அம்பைப் பற்றி அக்கா கேட்டதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. மர அம்புகளில் 40–45 பவுண்டு, 50–55 பவுண்டு என்று எழுதியிருக்கும், அங்கே எண் கூடினால் விறைப்பும் கூடும், அப்போது உங்கள் திசை வாதம் என்ன ஆகிறது என்று கேட்டிருந்தார். உண்மைதான். 26 அங்குல இடைவெளியில், 2 பவுண்டு எடையில் அளந்து, இறங்கிய அங்குலத்தால் 26ஐ வகுத்து அந்த எண்ணை எடுக்கிறார்கள். அரை அங்குலம் இறங்கினால் 52. ஆனால் அக்கா, அந்த எண் எந்த வில்லுக்கு இந்த அம்பு பொருந்தும் என்பதைத்தானே சொல்கிறது? அதைத் துவள்வு என்று சொல்லாமல் ‘பொருந்து இழுவிசை’ என்று தனியாக வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நாமும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அலுமினியத் தண்டில் இருக்கும் 1816 போன்ற எண் இரண்டிலும் சேராது: முதல் இரண்டு இலக்கம் விட்டம், அங்குலத்தில் 64இல் 18 பங்கு, அடுத்த இரண்டு சுவரின் தடிமன், ஆயிரத்தில் 16 பங்கு. அதற்குத் ‘தண்டெண்’ போதும்.

இப்போது கூட்டுச்சொற்கள். எடை தொங்கவிட்டு அளப்பது நிலைத் துவள்வு. அச்சடித்த எண் துவள்வெண். எய்யும்போது உண்மையில் எவ்வளவு துவள்கிறது என்பது இயங்கு துவள்வு. தண்டை வெட்டிக் குட்டையாக்கினால் இது குறையும், முனையில் கனமான கூர் மாட்டினால் கூடும், துவள்வெண் மட்டும் அச்சடித்தபடியே இருக்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், இரண்டு சொல் தனித்தனியாக இருந்தால் விளக்குவது எவ்வளவோ சுலபம். போன வாரம் பயிற்சியில் சொல்லிப் பார்த்தேன். இறகில்லாத அம்பை எய்து பார்த்த ஒரு பெண், வலக்கை இழுப்பு அவளுக்கு, மற்ற அம்புகள் கூடியிருந்த இடத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குத்தியதைப் பார்த்துவிட்டு, ‘துவள்வு ஜாஸ்தி, கொஞ்சம் வெட்டிடலாமா?’ என்றாள். யாரும் அவளுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லித் தரவில்லை.

இயங்கு துவள்வு என்பதற்குப் பதில் ‘எய்கணத் துவள்வு’ என்று ஐயா சொன்னதும் நன்றாகவே இருக்கிறது, பொருள் இன்னும் கூர்மை. வாயில் சொல்லிப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. நாண் தெறிக்கும் சத்தத்துக்கு நடுவே பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கத்திச் சொல்ல முடிகிற சொல்லாக இருக்க வேண்டும். களத்தில் இருப்பவர்கள் இரண்டையும் ஒரு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்து அம்பின் வாலில் நாண் கவ்வும் பிளவுக்குப் பெயர் வேண்டும். வில்லின் நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்குக் குதை என்ற பழைய சொல் இருக்கிறது, அம்புக்கும் அதையே நீட்டலாமா, வாற்குதை என்று பிரிக்கலாமா?