நடைபாதை ஊழியம்: ஜெபம் முடியும்வரை பொட்டலம் காத்திருக்க வேண்டுமா?

வாலிபர் ஐக்கியத்தான்

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியம், ஞாயிறு மாலைகளில் சென்னை வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நடைபாதையில் வாழ்வோருக்கு உணவு கொடுத்து வருகிறது. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒரு பாட்டுப் பாடி, சிறு செய்தி சொல்லி, ஜெபித்த பிறகே பொட்டலங்களைக் கொடுப்போம். சென்ற வாரம் கடையடைத்துக்கொண்டிருந்த ஒருவர், பசித்தவனை நிற்கவைத்துப் பிரசங்கம் செய்வது எந்த ஊர் தர்மம் என்று எங்களைக் கடிந்துகொண்டார். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த நாளில் இயேசுவும் நெடுநேரம் போதித்த பிறகே பந்தியமர்த்தினார். வயிற்றை நிரப்பிவிட்டு ஆத்துமாவை விட்டுவிட்டால் அது பாதி ஊழியம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

காப்பகப் பணியாளர்

கடைக்காரர் சொன்னதே சரி. வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வேலை செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் வரிசையில் நிறுத்துகிறவர்களில் பலர் இரண்டு மூன்று தலைமுறைகளாக அதே நடைபாதையில் வாழும் குடும்பத்தினர். அவர்கள் பகலெல்லாம் மூட்டை தூக்குகிறார்கள், பூக்கட்டுகிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். கடைகள் மூடிய பிறகே அவர்களுக்குப் படுக்க இடம் கிடைக்கிறது. சர்க்கரை நோயால் கால் புண்ணாகிப்போன முதியவருக்குப் பத்து நிமிடம் நிற்பது சிறிய காரியமன்று. கையில் பொட்டலம் வருவதற்கு முன் ஜெபம் என்றால், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உள்ள கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரத்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்கே கிறிஸ்தவ அமைப்பு நடத்திய தங்குமிடத்தில் சேர, ஆராதனையில் கலந்துகொள்ள வேண்டும் என்ற விதி இருந்தது. அப்படிப்பட்ட இடத்தை எல்லோருக்கும் கிடைக்கும் தங்குமிடமாகக் கணக்கில் கொள்ள முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் கருதின. 2024ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெளியில் படுப்போரைத் தண்டிக்கும் நகராட்சியின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் நிபந்தனையோடு வரும் உதவி உதவிதானா என்ற கேள்வி தீரவில்லை.

வாலிபர் ஐக்கியத்தான்

நிபந்தனை என்ற சொல்லை நான் மறுக்கிறேன். ஜெபத்தில் கண் மூடாதவருக்கும் நாங்கள் பொட்டலம் கொடுக்கிறோம். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டும், பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்று பிரிந்திருக்கும் காப்பகங்களுக்குக் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் எப்படிப் போவார்கள், அக்கா? அதனால்தான் நாங்கள் நடைபாதைக்கே போகிறோம். ஏழைகளிடையே பணிசெய்யும் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனையும் (Salvation Army) தன் தங்குமிடங்களில் இரவுக் கூட்டம் நடத்தித்தான் வளர்ந்தது.

ஓய்வுபெற்ற போதகர்

தம்பி, இரட்சணிய சேனையை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். அதன் நிறுவனர் வில்லியம் பூத் 1888இல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் தொடங்கிய உணவு நிலையத்தில் சாப்பாடு இனாமில்லை, மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. வந்தவன் பிச்சைக்காரனாக நிற்காமல், காசு கொடுத்து வாங்குகிறவனாக நின்றான். அவர்களுடைய தங்குமிடங்களிலும் வந்தவர் சாப்பிட்டு, முகம் கைகால் கழுவிய பிறகே கூட்டம். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி வாங்குகிறவரின் முகத்தையும் உங்கள் வரிசையில் நிற்கிறவரின் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐயாயிரம் பேரைப் பற்றியும் ஒன்று. அவர்கள் இயேசுவைத் தேடிப் போனவர்கள். நீங்களோ, படுக்கை விரித்துவிட்டவர்களுடைய வீட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழைகிறீர்கள். நடைபாதைதான் அவர்களுக்கு வீடு. வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த பர்திமேயுவிடம், பார்வையற்றவன் என்று தெரிந்திருந்தும், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவர் கேட்ட பிறகே சுகமாக்கினார். அந்தக் கேள்வி உங்கள் நிகழ்ச்சி நிரலில் எங்கே? சாப்பாட்டை முதலில் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஜெபம் வேண்டுமென்று அவர்களே கேட்பார்கள்.

நடைபாதையில் வளர்ந்தவள்

நான் அந்தச் சாலையில்தான் பிறந்து வளர்ந்தேன், இப்போது வாடகை வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று குழுக்கள் அடுத்தடுத்து வரும்; மிஞ்சிய சாம்பார் சாதம் விடிவதற்குள் ஊசிப்போகும். செவ்வாய்க்கிழமை யாரும் வர மாட்டார்கள். பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கைப்பேசியில் படமெடுப்பார்கள். என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். பள்ளியில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. பாட்டும் ஜெபமும் எங்களைப் புண்படுத்தியதில்லை, படம்தான் புண்படுத்தியது.

ஒரு சபையைச் சேர்ந்த அக்கா மட்டும் வெறுங்கையோடு வருவார். அம்மாவின் காலில் புண் பெரிதானபோது, சென்ட்ரலுக்கு எதிரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே கூட்டிப்போய், புறநோயாளிச் சீட்டு வாங்கி, கட்டுப் போட்டு முடியும்வரை கூடவே இருந்தார். சுவரில் மாரியம்மன் படம் மாட்டியிருந்த என் அம்மா, தனக்காக ஜெபம் பண்ணும்படி அவரிடம் தானாகவே கேட்டார். மாரியம்மன் படமும் அங்கேயே இருந்தது.

வாலிபர் ஐக்கியத்தான்

சகோதரி, படமெடுப்பதை இந்த ஞாயிறு முதல் நிறுத்தும்படி குழுவில் பேசுகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அக்காவும் விசுவாசத்தால்தானே அங்கே வந்தார்? அந்த விசுவாசத்தை வாய் திறந்து சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பாட்டை விடவும் மாட்டேன்.

காப்பகப் பணியாளர்

சொல்லுங்கள், சாப்பாடு கொடுக்கும் இடத்தில் வேண்டாம். போதகர் ஐயா சொல்வதுபோல் சாப்பாட்டுக்குப் பின் என்பதையும் நான் ஏற்கவில்லை. அடுத்த வாரமும் பொட்டலம் வேண்டுமென்ற எண்ணமே அவர்களைக் கைகூப்ப வைக்கும். ஜெபத்துக்கு வேறொரு நாள் வெறுங்கையோடு போங்கள், யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அதோடு ஒரு வேண்டுகோள். மனநலம் குன்றித் தெருவில் அலைகிறவரை உங்கள் பகுதியில் கண்டால் பொட்டலத்தோடு விட்டுவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது காவல்துறையின் கடமை. காவல் நிலையத்துக்கு நீங்கள் இரண்டு பேராவது நேரில் போய், அந்தப் பிரிவைச் சொல்லி, எழுத்தில் மனு கொடுங்கள்.