கலைச்சொல் உதவி: பிரீக்வெல், டை-இன் (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

சிற்றிதழ் ஒன்றின் அறிவியல் புனைகதைச் சிறப்பிதழுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் பக்கம் வடிவமைப்புக்குப் போயாக வேண்டும். கிம் நியூமன் எழுதிய ‘டைம் அண்ட் ரிலேட்டிவ்’ பற்றிய குறிப்பு. 2001இல் டெலோஸ் பதிப்பகம் உரிமம் பெற்று ‘டாக்டர் ஹூ’ குறுநாவல் வரிசையைத் தொடங்கியபோது முதலில் வந்தது இதுதான். காலத்தில் பயணிக்கும் ‘டாக்டர்’ என்பவரைப் பற்றிய அந்தத் தொலைக்காட்சித் தொடர் பி.பி.சி.யில் தொடங்கியது 1963 நவம்பர் 23. குறுநாவலின் கதை அதற்குச் சில மாதம் முன்னால், அதே 1963 மார்ச் இறுதியில், பனி விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் லண்டனில் நடக்கிறது. டாக்டரின் பேத்தி சூசன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே எழுதும் நாட்குறிப்புதான் முழுக் கதையும்.

முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன்: “இது ஒரு தொலைக்காட்சித் தொடரின் டை-இன் குறுநாவல்; தொடருக்குப் பிரீக்வெல்.” குறுநாவலில் சிக்கல் இல்லை. மற்ற இரண்டுக்கும் சொல் வேண்டும் (டை-இன்: தொடரை ஒட்டி வரும் நூல்; பிரீக்வெல்: தொடரின் கதைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் கதை). பிரீக்வெலுக்கு ‘முன்கதை’ என்று போட்டு அம்மாவிடம் காட்டினேன். “சுருக்கம் எங்கேடி?” என்கிறார். வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவருக்கு முன்கதை என்றால் ‘முன்கதைச் சுருக்கம்’தான்.

நா.

———

அன்புள்ள நா. அவர்களுக்கு,

டை-இன் பற்றிக் கவலையே வேண்டாம். பவணந்தியார் நன்னூலில் உங்களுக்காகவே எழுதி வைத்திருக்கிறார்: “முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்.” தொலைக்காட்சித் தொடர் முதல்நூல். அதில் வந்த கதையை அப்படியே நாவலாக்கினால் வழிநூல். “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்து” என்ற இலக்கணம் அதற்குப் பொருந்தும். டாக்டரின் பகைவர்களான தாலெக்குகள் வரும் கதை 1964இலேயே அப்படி நாவலாக வந்தது என்று என் பேரன் சொல்கிறான். கொஞ்சம் ஒத்து, பெரும்பகுதி வேறுபட்டால் சார்புநூல். அதற்கே புடைநூல் என்றும் பெயர். உங்கள் குறுநாவல் சார்புநூல். முடிந்தது.

பிரீக்வெலுக்கு நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

ச., கோவை

———

> தொலைக்காட்சித் தொடர் முதல்நூல்

ஐயா, தொடர் எப்படி நூலாகும்? அதோடு ‘சார்பு’ என்ற சொல் ஏற்கெனவே முதுகொடியச் சுமக்கிறது. கணக்குப் பாடத்தில் சார்பு ஒன்று. ஐன்ஸ்டைனுக்குச் சார்பியல். செய்தித்தாளில் ‘சார்பாக’, ‘ஒருசார்பு’. இப்போது இந்தக் குறுநாவலின் தலைப்பிலேயே ‘ரிலேட்டிவ்’ இருக்கிறது. தலைப்பைக் ‘காலமும் சார்பும்’ என்று பெயர்த்து, அடுத்த வரியில் ‘இது ஒரு சார்புநூல்’ என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்?

என் ஓட்டு: பிரீக்வெல், டை-இன் என்றே எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். பிரீக்வெல் என்ன பெரிய குலத்தில் பிறந்த சொல்லா? ‘சீக்வெல்’ என்பதன் தலையைச் சீவிவிட்டுப் ‘பிரீ’யை ஒட்டினார்கள். லத்தீனில் அந்த வாலுக்குப் பின்தொடர்தல் என்று பொருள். முன்-பின்தொடர்தல்! அவர்களே அப்படி ஒட்டுப்போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது நாம் ஏன் தூக்கம் கெட வேண்டும்?

இரா.

———

இரா. தம்பிக்கு,

நூல் என்பது தாளும் அட்டையும் என்று யார் சொன்னது? நன்னூல் பாயிரத்திலேயே பஞ்சு, இழை, கதிர் என்று உருவகம் செய்து, சொல் பஞ்சு, புலவன் நூற்பவள் என்கிறார். நூற்கப்படுவதெல்லாம் நூல். நாம் இங்கே நடத்துவதையே மடலிழை என்றுதானே சொல்கிறோம்?

ச.

———

வணக்கம். லண்டனிலிருந்து யோ.

முதல்நூல் கதைக்கு ஒரு சேதி. எழுபதுகளில் பி.பி.சி. பழைய நாடாக்களை அழித்ததில் அறுபதுகளின் டாக்டர் ஹூ பகுதிகள் தொண்ணூற்றுக்கு மேல் படமாக இல்லை. ஒலி மட்டும் தப்பினது. வீட்டில் பார்த்த ஆக்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தவை. அந்தக் கதைகளை முழுதாக அறிய வேண்டுமெண்டால் ஒலிப்பதிவும், பிறகு எழுதின நாவல்களும்தான் துணை. எனவே சில இடங்களில் முதல்நூல் போய் வழிநூல் நிக்குது. முழுதாகக் கிடைக்காத குண்டலகேசியை உரைகாரர் காட்டின மேற்கோளில் தேடுவதைப் போல எண்டு நினையுங்கோ.

முன்கதை பற்றி: எங்கட பக்கம் கதை எண்டால் பேச்சும்தான். “முன்கதை” எண்டால் எனக்கு முதலில் தோன்றுவது, கலியாணப் பேச்சுக்கு முந்தி இரண்டு வீட்டாரும் கதைக்கிற கதை. பிழை எண்டு சொல்லேல்ல. சொல்லி வைக்கிறன்.

யோ.

———

எல்லாரும் அடிப்படையைத் தவறவிட்டுவிட்டீர்கள். ‘முன்கதை’ என்பதே பிழை. ‘முற்கதை’.

இடத்தைக் குறித்தால் முன்: முன்கை, முன்பல், முன்பக்கம். காலத்தைக் குறித்தால் முற்: முற்காலம், முற்பிறவி, முற்பகல். முன்கதை என்றால் கதையின் முன்பக்கம். முற்கதை என்றால் காலத்தால் முந்திய கதை. அம்மாவின் ‘சுருக்கம்’ சிக்கலும் ஒரே எழுத்தில் தீர்கிறது.

இன்னும் ஒன்று. முன் என்ற வேரே முனை, முனைவன் என்று வளர்கிறது. “வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூ லாகும்” என்பது தொல்காப்பியம். முதல்நூலைக் கண்டவன் முனைவன். டாக்டர் பட்டத்துக்கு நாம் இன்று சொல்வது முனைவர். தொடரின் நாயகன் பெயர் டாக்டர். இதற்கு மேல் சான்று வேண்டுமா? தொடரின் பெயரை ‘முனைவர் யார்’ என்று மொழிபெயர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

மு.

———

> காலத்தைக் குறித்தால் முற்

முன்பணம்? முன்பதிவு? முன்கோபம்? முன்பனி?

இரா.

———

முன்பணமும் முன்பதிவும் நேற்று வந்த அலுவலகச் சொற்கள். முன்கோபம் மூக்கு நுனியில் இருப்பது, ஆகவே இடம். முன்பனி பழைய சொல்தான். ஆனால் அது பனிக்கு முந்திய காலம் அல்ல, பனிக்காலத்தின் முன்பாதி. பாதி என்பது பங்கு. பங்கு என்பது இடம்.

மு.

———

முற்பகல் பகலின் முன்பாதிதானே மு. அண்ணா? அது ஏன் முன்பகல் ஆகவில்லை?

இரா.

———

(ஒரு நாள் யாரும் எழுதவில்லை. — நா.)

———

நா. அவர்களுக்கு, கண் பரவாயில்லை.

புணர்ச்சி விதிப்படி வேற்றுமையில் னகரம் வல்லினத்துக்கு முன் றகரமாகத் திரியும். அல்வழியில் இயல்பாக நிற்கும். முன், பின் இரண்டும் இந்தக் கட்டுக்குள் ஒழுங்காக அடங்கியதில்லை. வழக்கு எதைப் பிடித்ததோ அதுவே வழி. மு.வின் விதி அழகானது, உண்மையல்ல.

ஆனால் அவர் தொட்ட பனி என்னை விடவில்லை. கதை நடப்பது மார்ச் இறுதி என்கிறீர்கள். பங்குனி. நம் கணக்குக்கு அது பின்பனி. ஆக, பின்பனியில் நடக்கும் முன்கதை! 1740க்குப் பிறகு இங்கிலாந்து அப்படியொரு குளிரைக் கண்டதில்லை என்கிறார்கள் அந்த 1962–63ஐ. உண்மையில் மார்ச் தொடக்கத்தில் விலகிய பனியை ஆசிரியர் விலகாமல் நிறுத்தி, அந்தக் குளிரையே பகையாக்கிவிட்டார் என்று அறிந்தபோது எனக்குப் பிடித்துப் போயிற்று. அந்தப் பகையின் பெயரே ‘குளிர்’தானாமே? ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிதாக்கி ஆளாக்கிவிடுகிறார்கள். நமக்குப் பெரிய எழுத்து இல்லை. ‘குளிர் வந்தது’ என்றால் போர்வையைத்தான் தேடுவோம். ‘கூதிர்’ என்று வையுங்கள். பழஞ்சொல்லாகையால் பெயர் போல நிற்கும்; ‘கூதிர் வந்தது’ என்றால் வந்தது யார் என்று கேட்கத் தோன்றும்.

ச.

———

கூதிர் அருமை, எடுத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் நாளை வெள்ளி!

தலைப்பும் என்னைப் படுத்துகிறது. டாக்டரின் காலப்பெட்டிக்கு டார்டிஸ் என்று பெயர் வைத்ததே தான்தான், முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தேன் என்று முதல் பகுதியில் சூசன் சொல்வாள். ‘டைம் அண்ட் ரிலேட்டிவ் டைமென்ஷன் இன் ஸ்பேஸ்’. நியூமன் அதை மூன்றாவது சொல்லோடு வெட்டிவிட்டார். வெட்டியதும் ‘ரிலேட்டிவ்’ சொந்தக்காரர் ஆகிவிடுகிறது: காலமும் ஒரு தாத்தாவும். ‘காலமும் சார்பும்’ என்றால் தாத்தா காணாமல் போகிறார். ‘காலமும் சொந்தமும்’ என்றால் பெட்டி காணாமல் போகிறது.

நா.

———

பெயரெச்சத்தில் நிறுத்துங்கள். ஆங்கிலத் தலைப்பும் பெயரைத் தேடி நிற்கும் எச்சம்தானே? ‘காலமும் உற்ற’. உற்ற பரிமாணம் என்றும் ஓடும். உற்றார் உறவினர் என்றும் ஓடும்.

ச.

———

அற்புதம் ஐயா. தமிழ்நாட்டில் நாலு பேருக்குப் புரியும். அந்த நாலு பேரும் இந்த இழையில் இருக்கிறோம்.

விளையாட்டை விடுங்கள். பிரீக்வெலில் உண்மையான சிக்கல் முன்னா முற்றா என்பதே இல்லை. இங்கே இரண்டு கடிகாரம் ஓடுகிறது. கதைக்குள் இது தொடருக்குச் சில மாதம் முந்தியது. எழுதியதோ 38 ஆண்டு பிந்தி. ‘தொடருக்கு முந்தைய குறுநாவல்’ என்று நா. எழுதினால், புத்தகம் முதலில் வந்து, அதைப் பார்த்துத் தொடர் எடுத்தார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘முன்’ என்று தொடங்கும் எந்தச் சொல்லைப் போட்டாலும் இந்தக் குழி உண்டு. இதற்கு மு. அண்ணா என்ன சொல்கிறார்?

இரா.

———

குழி தமிழுக்குப் புதிதல்ல. கல்கி ‘பார்த்திபன் கனவு’ எழுதி முடித்த பிறகுதான் ‘சிவகாமியின் சபதம்’ எழுதினார். கதையோ முந்திய தலைமுறை. பின்னால் எழுதிய முன்னால் நடந்த கதை. அதைப் படித்த யாரும் குழியில் விழவில்லை, சொல் ஒன்றும் கேட்கவும் இல்லை. உத்தரகாண்டமும் அப்படித்தான்: பெயரோ ‘பின்’, இடம் கடைசி, ஆனால் உள்ளே இராவணன் பிறப்பு முதல் வருகிறது. கோவலனின் முற்பிறவியைச் சிலம்பு அவன் செத்த பிறகுதான் சொல்கிறது. (முற்பிறவி! கவனிக்க.)

மு.

———

> சொல் ஒன்றும் கேட்கவும் இல்லை

அப்ப நாங்கள் ஏன் ஐந்து நாளாகக் கேட்கிறம்?

என்ர எண்ணம்: முன்கதை எண்டே போடுங்கோ, ஆனால் முதல் முறை வரும்போது பக்கத்தில் ஆண்டையும் போடுங்கோ. “2001இல் வந்த முன்கதை.” ஆண்டு ஒரு கடிகாரம், சொல் மற்றக் கடிகாரம். டை-இன்னுக்கு ‘சார்புநூல்’ நல்லதுதான், ஆனால் உரிமம் வாங்கினது அதில் தெரியேல்ல. ரசிகர் தன்ர பாட்டில் எழுதினாலும் சார்புநூல்தானே. டை-இன் எண்டால் உரிமைக்காரர் ஓம் எண்டு சொன்னது.

யோ.

———

‘உரிமநூல்’?

இரா.

———

ஓட்டுநர் உரிமம் போலிருக்கிறது.

ச.

———

‘ஒட்டுநூல்’. ஒட்டுமாங்கன்று போல. தாய்மரத்துச் சாறு, வேறு கிளை. ஒட்டு என்பதற்கு ஒப்பந்தம், சூளுரை என்ற பொருளும் உண்டு. உரிமமும் அதில் அடங்கும்.

மு.

———

கெட்டிக்காரத்தனம்தான் அண்ணா. ஆனால் படிப்பவருக்குப் பசைதான் நினைவுக்கு வரும்.

இரா.

———

நண்பர்களே, பக்கம் அனுப்பிவிட்டேன்.

பிரீக்வெலுக்கு எண்ணிப் பார்த்தேன்: முன்கதை மூன்று (யோ., நான், “வேறு வழியில்லாமல்” ச. ஐயா), முற்கதை ஒன்று, பிரீக்வெல் ஒன்று. டை-இன்னுக்கு ஆளுக்கொன்று. ஆகவே அதை விரித்தே எழுதிவிட்டேன்: “பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரைச் சார்ந்து, உரிமத்தோடு 2001இல் வந்த குறுநாவல். 1963இல் தொடங்கிய தொடருக்கு முன்கதை.” ‘சார்ந்து’ என்ற ஒன்றில் பவணந்தியாருக்குப் பாதி வணக்கம். தலைப்பை மொழிபெயர்க்கவில்லை, ஒலிபெயர்த்திருக்கிறேன். ஐயா மன்னிக்க வேண்டும். கூதிர் இருக்கிறது.

எல்லோருக்கும் நன்றி.

நா.

———

மறுபடியும் நான்தான்.

இப்போதுதான் மெய்ப்பு வந்தது. வடிவமைத்தவர் ‘முன்கதை’ என்பதைப் பார்த்து ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்து, என் குறிப்பின் தலையில் ஒரு கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று போட்டிருக்கிறார். கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. சுருக்கத்தை நான் அனுப்புவேன் என்று காத்திருக்கிறாராம். போன் செய்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நா.

———

‘முற்கதை’ என்று போட்டிருந்தால் இது நடந்திருக்காது. முற்பகல் பற்றி இரா. எழுப்பிய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இன்று இரவு விரிவாக எழுதுகிறேன்.

மு.