ஸ்கேனர் வாங்கிவிட்டேன், மாட்ட இடமே இல்லை. உதவி!

ஓட்டைவண்டி: அவசரம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. வீட்டிலேயே பார்க்கலாம் என்று ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசிக் கோளாறைப் படிக்கும் கருவி) வாங்கினேன். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துத் தேடியும் அதைச் செருக ஓட்டையே காணோம். வேறு என்ன கருவி வாங்கலாம்?

நட்டுபோல்ட்: என்ன வண்டி, எந்த வருடம்? பெட்ரோலா டீசலா? சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா?

புகைக்குழல்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான்.

நட்டுபோல்ட்: இன்ஜின் சுற்றுகிறதா என்பதே தெரியவில்லை, அதற்குள் பிளக்கா?

பழையகை: வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி 2 இணைப்பு அமெரிக்காவிலேயே 1996-இல்தான் கட்டாயமானது. உங்களுடையது பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஸ்கேனர் எதனோடு பேசும்? வாங்கும் முன் கேட்டிருக்கலாம்.

ஓட்டைவண்டி: 1992, பெட்ரோல், கார்புரேட்டர். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது, அதனால் அது இல்லை.

மின்மினி: புது பேட்டரியும் இறங்கும். சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12-க்குக் கீழே போனால் காலி. அப்புறம் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் அளந்து பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிமேல் சந்தேகப்படலாம். மீட்டரை ஆம்பியரில் வைத்து ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், ஃபியூஸ் போய்விடும்.

பழையகை: மீட்டரை நம்பினால் ஏமாறுவீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரிலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்டே இழுப்பதில்லை. டெஸ்ட் லேம்ப் (வயரில் வைத்துப் பார்க்கும் சின்ன பல்பு) இழுக்கும், மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும்.

மின்மினி: அதே லேம்பை இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) வயரில் வைத்தால்? உள்ளே இருப்பது புகைந்துவிடும்.

பழையகை: 1992 கார்புரேட்டர் வண்டியில் இசியூவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுங்கள், பார்க்கலாம்.

மின்மினி: இந்த உரையாடலைப் படிக்கிறவர்கள் எல்லோரிடமும் அதே வண்டியா இருக்கிறது? தவிர, லோடு இருக்கும்போது, அதாவது கரண்ட் ஓடும்போது அளந்தால் மீட்டரும் சரியாகவே சொல்லும்.

புகைக்குழல்: பிளக்கைப் பார்த்தீர்களா?

நட்டுபோல்ட்: சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். ஓட்டைவண்டி, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி மைனஸ் டெர்மினலிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரில்தான் கோளாறு. மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை மைனஸிலும் இன்னொன்றை இன்ஜினிலும் கவ்வவிட்டுப் பாருங்கள். வண்டி எடுத்துக்கொண்டால் அதுதான்.

மின்மினி: இதைத்தான் லோடில் அளப்பது என்றேன்.

பழையகை: ஜம்பர் கேபிள் என்றாரே, அதைக் கவனிக்கவில்லையா?

ஓட்டைவண்டி: 4.8 காட்டியது. எர்த் வயர் போல்ட்டில் ஒரே துரு. தேய்த்து இறுக்கினேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. நன்றி எல்லோருக்கும். ஸ்கேனர் யாருக்காவது வேண்டுமா?

நட்டுபோல்ட்: தேய்த்ததோடு விட்டீர்களா, வயரையும் மாற்றினீர்களா? உறைக்குள்ளே பச்சை பூத்திருந்தால் மறுபடி வரும்.

புகைக்குழல்: பிளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நட்டுபோல்ட்: ஓட்டைவண்டி?