தெரியாமல் சைல்ட் பெனிபிட் வாங்கிவிட்டோம், ஐஎல்ஆர் போடும்போது சிக்கல் வருமா?

கேட்டவர்: லெஸ்டர்வாசி (2026 ஜனவரி)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மனைவி நர்ஸ். 2021 ஆகஸ்டில் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இங்கிலாந்து வந்தாள். நான் 2022ல் டிபென்டன்ட்டாக வந்தேன். வருகிற ஆகஸ்டில் அவளுக்கு ஐந்து வருடம் முடிகிறது, ஐஎல்ஆர் (நிரந்தர வசிப்புரிமை) போடலாம் என்று இருந்தோம். போன மே மாதம் மகள் பிறந்தாள். பிரசவம் முடிந்து வரும்போது கொடுத்த காகிதக்கட்டில் சைல்ட் பெனிபிட் (குழந்தைக்கான அரசு உதவித்தொகை) பற்றி ஒரு தாள் இருந்தது. கூட வேலை பார்ப்பவரும் "குழந்தை இங்கே பிறந்ததுதானே, எல்லோருக்கும் உண்டு" என்றார். நம்பி, மனைவி பெயரில் விண்ணப்பித்தோம். நாலு வாரத்துக்கு ஒருமுறை 104.20 பவுண்டு வந்தது. இதுவரை ஏழு தவணை, மொத்தம் 729.40.

ஐஎல்ஆருக்குக் காகிதம் சேர்க்கலாம் என்று இ-விசாவைத் திறந்து பார்த்தால் "நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்" (அரசின் பொது நிதி உதவிகளை வாங்கக் கூடாது) என்று இருக்கிறது. ஐந்து வருடம் கண்ணில் படாத வரி அது. என் கேள்விகள்:

பணத்தைத் திருப்பிக் கட்டினால் போதுமா? ஐஎல்ஆர் மறுக்கப்படுமா? குழந்தை இங்கே பிறந்ததால் அவள் பிரிட்டிஷ் இல்லையா, அவள் பெயரில் வாங்கியது எப்படித் தவறாகும்?

பதில்: கிழக்கு லண்டன் அக்கா

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எச்எம்ஆர்சியின் (வரித்துறையின்) சைல்ட் பெனிபிட் உதவி எண்ணில் கூப்பிட்டு, "எங்கள் விசாவில் பொது நிதி வாங்க அனுமதி இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது, உடனே நிறுத்துங்கள், வாங்கியதைத் திருப்பித் தருகிறோம்" என்று சொல்லுங்கள். பெயர் மனைவியுடையது என்பதால் அவரே பேச வேண்டும். தேதி, நேரம், பேசியவர் சொன்னது, எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். கூடவே ஒரு கடிதமும் போடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். அடுத்த தவணை வருவதற்குள் நிறுத்துவது முக்கியம், ஏனென்றால் இதுவரை வாங்கியது தெரியாமல் வாங்கியது. இனி வருவது தெரிந்து வாங்கியது.

மூன்றாவது கேள்விக்கு: இங்கே பிறந்தாலே பிரிட்டிஷ் என்பது 1983 ஜனவரி 1க்கு முந்தைய கதை. அதன் பிறகு, பிறக்கும்போது தாய் அல்லது தந்தை பிரிட்டிஷாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். அப்படியே அவள் பிரிட்டிஷாக இருந்திருந்தாலும் இந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது பெற்றவர்தான், அதனால் பெற்றவரின் விசாவைத்தான் பார்ப்பார்கள். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பதில்: வடக்குக்காற்று

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். விசா நிபந்தனையை மீறியிருந்தால் ஹோம் ஆபீஸ் (உள்துறை) விண்ணப்பத்தை மறுக்க*லாம்*. கட்டாயம் மறுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, அதிகாரி சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுப்பார். ஆனால் விண்ணப்பத்தில் ஏமாற்றினீர்கள் என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் மறுத்தே ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது இப்போதைக்கு முதல் வகை. அதை இரண்டாவது வகையாக மாற்றிவிடாதீர்கள்.

பதில்: புதுவரவு22

ஒரு ஆலோசகர், "சின்னத் தொகைதானே, பேசாமல் நிறுத்திவிடுங்கள், படிவத்தில் எதுவும் எழுத வேண்டாம்" என்று ஒருவருக்குச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படிச் செய்தால் என்ன?

பதில்: வடக்குக்காற்று

தயவுசெய்து வேண்டாம். ஐஎல்ஆர் படிவத்தில், இருந்த விசாவின் நிபந்தனையை மீறியதுண்டா என்ற கேள்வி வரும். "இல்லை" என்று எழுதினால் 729 பவுண்டு பிரச்சினை பொய் சொன்ன பிரச்சினையாகிவிடும். ஹோம் ஆபீசும் எச்எம்ஆர்சியும் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. சம்பளத்தைச் சரிபார்ப்பதே அந்த வழியில்தான். சின்னத் தொகை என்பதால்தான் உண்மையைச் சொல்வது இன்னும் சுலபம்.

அந்த ஆலோசகர் யாராக இருந்தாலும், குடியேற்ற ஆலோசனை சொல்ல அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சொலிசிட்டராக (வழக்கறிஞராக) இருக்க வேண்டும், இல்லையென்றால் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும் (முன்பு ஓஐஎஸ்சி என்று இருந்தது, 2025 ஜனவரியில் பெயர் மாறியது). பதிவு இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்வது குற்றம்.

பதில்: ஹாரோ அம்மா

தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2018ல் வீட்டில் நான் ஒருத்திதான் பெரியவள். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) குறைக்கலாம் என்று படிவம் போட்டேன். தனியாக வசிப்பவருக்கான 25 சதவீதத் தள்ளுபடி பொது நிதி இல்லை, அது எல்லோருக்கும் உண்டு. ஆனால் நான் அதோடு, வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷனுக்கும் போட்டுவிட்டேன். அது பொது நிதி. பெயர் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எட்டு மாதம் போனது.

தெரிந்ததும் நிறுத்தி, தவணையில் கட்டி முடித்தேன். 2019ல் ஐஎல்ஆர் போட்டபோது ஒரு பக்கக் கடிதம் வைத்தேன். என்ன வாங்கினேன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எப்படித் தவறு நேர்ந்தது, எப்போது தெரிந்தது, எப்படிக் கட்டினேன், அவ்வளவுதான். அழுகை, கெஞ்சல் எதுவும் எழுதவில்லை. கட்டிய ரசீதை இணைத்தேன். நடுவில் கூடுதல் விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்தது, அன்றைக்கு மட்டும் கை நடுங்கியது. கிடைத்தது. உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல நான் யார்? மறைக்காமல் போனதால் ராத்திரி தூங்க முடிந்தது, அதைச் சொல்லலாம்.

கேட்டவர்: லெஸ்டர்வாசி

அக்கா, அம்மா, எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மனைவி போன் செய்துவிட்டாள், நிறுத்திவிட்டார்கள், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடிதம் வருமாம். இப்போது இன்னொரு பயம் வந்துவிட்டது. அவள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள், சம்பளத்தோடு மெட்டர்னிட்டி பணம் வருகிறது. பிரசவமும் என்எச்எஸ்ஸில்தான் (அரசு மருத்துவச் சேவை). அதையெல்லாமும் திருப்பிக் கட்ட வேண்டுமா?

பதில்: கிழக்கு லண்டன் அக்கா

ஐயோ, வேண்டாம், தம்பி! பயத்தில் உரிமையான பணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள், அதுவும் நடக்கிறது. ஸ்டாட்யூட்டரி மெட்டர்னிட்டி பே வேலை கொடுப்பவர் தருவது, பொது நிதி இல்லை. மெட்டர்னிட்டி அலவன்ஸும் இல்லை. சிக் பேயும் இல்லை. நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியதன் பேரில் வரும் நியூ ஸ்டைல் ஜாப் சீக்கர்ஸ் அலவன்ஸும் அப்படித்தான். என்எச்எஸ் சிகிச்சை, அரசுப் பள்ளி, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கான 15 மணி நேர இலவசப் பராமரிப்பு, எதுவும் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இருப்பவை: சைல்ட் பெனிபிட், யுனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிபிட், பென்ஷன் கிரெடிட், கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன், ஊனமுற்றோருக்கான பிஐபி, கவுன்சில் வீட்டு ஒதுக்கீடு. குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதும் வேலை பார்க்கும் பெற்றோருக்கான 30 மணி நேர இலவசப் பராமரிப்புக்கு யாராவது ஆசை காட்டுவார்கள். பெற்றோரில் ஒருவருக்காவது பொது நிதி உரிமை வேண்டும் என்பது அதன் நிபந்தனை, அதனால் ஐஎல்ஆர் வரும்வரை தொடாதீர்கள்.

பதில்: குரோய்டன்காரன்

இடையில் ஒரு கேள்வி. எனக்கு ஐஎல்ஆர் இருக்கிறது, மனைவி ஸ்பவுஸ் விசாவில் இருக்கிறாள். சைல்ட் பெனிபிட் என் பெயரில் வாங்குகிறேன். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: வடக்குக்காற்று

உங்கள் பெயரில், உங்கள் உரிமையில் வாங்குகிறீர்கள், அதனால் சரி. அவர் வீட்டில் இருப்பதால் தொகை கூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. சைல்ட் பெனிபிட் குழந்தை எண்ணிக்கையைப் பொறுத்தது, மனைவியால் தொகை கூடுவதில்லை. வேறு எதையாவது வாங்கினால், குறிப்பாக கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன், அவரைக் கணக்கில் சேர்ப்பதால் தொகை உயருமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

லெஸ்டர்வாசி, உங்களுக்கு இன்னொன்று. 2025 நவம்பரில் அரசு வெளியிட்ட யோசனையைப் பார்த்தீர்களா? ஐஎல்ஆருக்கான அடிப்படைக் காலத்தை 10 ஆண்டாக்குவது, வழியில் பொது நிதி வாங்கியவர்களுக்கு 12 மாதத்துக்குக் குறைவு என்றால் 5 ஆண்டும் அதற்கு மேல் என்றால் 10 ஆண்டும் கூட்டுவது என்று அதில் இருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல 2026 பிப்ரவரி 12 வரை நேரம் கொடுத்தார்கள். இதை எழுதும் 2026 ஜனவரியில் இது யோசனைதான், சட்டம் இல்லை. ஆனால் உங்கள் ஆகஸ்டுக்குள் எது மாறினாலும், தெரியாமல் வாங்கி, தெரிந்ததும் நிறுத்தி, திருப்பிக் கட்டினோம் என்று காட்டும் காகிதம் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2026 ஜனவரியில் ஆளுக்கு 3,029 பவுண்டாக இருந்தது, மறுத்தால் திரும்ப வராது. அதனால் போடும் முன் ஒரு சொலிசிட்டரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். முழு வேலையையும் ஒப்படைக்கக் காசு இல்லையென்றால், நீங்களே எழுதிய விளக்கக் கடிதத்தைப் படித்துப் பார்க்க மட்டும் கேட்கலாம்.

கேட்டவர்: லெஸ்டர்வாசி (மூன்று வாரம் கழித்து)

கடிதம் வந்தது. 729.40, நாங்கள் கணக்குப் போட்ட அதே தொகை. ஒரே தடவையில் கட்டிவிட்டோம், ரசீது வைத்திருக்கிறோம். சொலிசிட்டரைப் பார்த்தோம். ஹாரோ அம்மா சொன்ன மாதிரி ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொண்டுபோனோம். இரண்டு இடத்தில் தேதியைத் திருத்தச் சொன்னார். "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்ற வரியை எடுக்கச் சொன்னார், ஏனென்றால் விசாவில் எழுதித்தான் இருந்தது. "நாங்கள் கவனிக்கவில்லை" என்று மாற்றினோம். மனைவிக்கு அந்த வரியை எழுதக் கஷ்டமாக இருந்தது, எழுதிவிட்டாள்.

ஜூலை கடைசியில் போடுகிறோம், ஐந்து வருடம் முடிய 28 நாள் இருக்கும்போதே போடலாமாம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.