நம்ம வீட்டுக் குழு: தீபாவளி மெயில் சப்ஜெக்ட்

[காலை 9:12] மீனா: கடை கஸ்டமருக்கு அனுப்பற தீபாவளி மெயில் டெஸ்ட் போட்டாச்சு. சப்ஜெக்ட் ஜிமெயில்ல "தீபாவளிக்கு கைத்தறி சேலைகளுக்கு 20% தள்ளுபடி" அழகா வருது. கடை கம்ப்யூட்டர்ல "கைத" வரைக்கும் வந்து, அப்புறம் கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி ரெண்டு, அதுக்கப்புறம் "தறி".

[9:15] அருண்: அக்கா, ஜிமெயில்ல அந்த மெயிலைத் திறந்து மூணு புள்ளியை அமுக்கி "ஷோ ஒரிஜினல்" போங்க. சப்ஜெக்ட் =? ல ஆரம்பிச்சு ?= ல முடியற துண்டுகளா இருக்கும். எத்தனை?

[9:19] மீனா: மூணு. முதல் ரெண்டும் ஒரே நீளம்.

[9:24] அருண்: அங்கதான் கோளாறு. மெயில் தலைப்பு வரிகளுக்கான விதி ஆர்எஃப்சி 2047 படி ஒரு துண்டு 75 கேரக்டரைத் தாண்டக்கூடாது. முன்பின் குறிக்கே 12 போயிடும். மிச்சம் 63. பேஸ்64 மூணு பைட்டை நாலு கேரக்டரா மாத்தற முறை; நாலு நாலாத்தான் நகரும், அதனால 60, அதாவது 45 பைட். எழுத்தை பைட்டா வைக்கற யூடிஎஃப்-8 முறையில தமிழ் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொண்ணும் 3 பைட். ஸ்பேஸ், எண், % எல்லாம் 1.

[9:25] அருண்: "தீபாவளிக்கு" 33, ஸ்பேஸோட 34. க, ஐகாரக் குறி, த சேர்த்தா 43. அடுத்தது த் மேல வர்ற புள்ளி. அதுல ரெண்டு பைட் முதல் துண்டுல, ஒண்ணு அடுத்ததுல. ரெண்டாவது வெட்டு சரியா ஸ்பேஸுக்கு அப்புறம் விழுந்ததால தப்பிச்சுது.

[9:27] சித்தப்பா: அப்ப ஜிமெயில்ல எப்படிடா சரியா வருது?

[9:29] அருண்: துண்டுகளை முதல்ல ஒட்டிட்டு டீகோட் பண்ற, அதாவது திரும்ப எழுத்தா மாத்தற, ஆப்ல தெரியாது சித்தப்பா. ஒவ்வொண்ணா டீகோட் பண்றதுல உடையும். அதான் ஒரே ஒரு ஆப்ல பாத்துட்டு அனுப்பக்கூடாது.

[9:33] அருண்: அக்கா, மெயில் அனுப்பற பிஎச்பி ஸ்கிரிப்ட்ல பேஸ்64 பண்ணி அளவா வெட்டற வரியைத் தூக்கிடுங்க. பிஎச்பில பல பைட் எழுத்துக்கான எம்பி ஃபங்ஷன்கள்ல மைம் ஹெடருக்குன்னே, அதாவது சப்ஜெக்ட் மாதிரி தலைப்பு வரிக்குன்னே, ஒண்ணு இருக்கு, எழுத்து உடையாம வெட்டும். கேரக்டர் செட் யூடிஎஃப்-8னு கொடுங்க. கையால வெட்டினா இன்னொரு வம்பு: ரெண்டு துண்டுக்கு நடுவுல இருக்கற ஸ்பேஸை ஆப் விழுங்கிடும். சொல் இடைவெளி துண்டுக்கு உள்ளயே இருக்கணும்.

[9:41] மீனா: சரி. எக்ஸெல் லிஸ்ட்லேர்ந்து கஸ்டமர் பேர் எடுத்துப் போட்ட வெர்ஷன்ல "???? அவர்களுக்கு"ன்னு வருதே?

[9:43] சித்தப்பா: எக்ஸெல்ல சாதா சிஎஸ்வியா, அதான் கமா போட்டுப் பிரிக்கற ஃபைலா, சேவ் பண்ணியிருப்ப. "சிஎஸ்வி யூடிஎஃப்-8"னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு பாரும்மா. கேள்விக்குறி ஆயிட்டா பேர் அழிஞ்சாச்சு, மூல ஷீட்லேர்ந்துதான் திரும்ப எடுக்கணும். வட்டத்துக்குள்ள ஆர் (®) வரிசையா வந்தா பரவாயில்ல, டேட்டா உள்ள பத்திரமா இருக்கும், தப்பான என்கோடிங்ல படிச்சிருக்கு, அவ்வளவுதான்.

[9:46] அருண்: ஒண்ணு கவனிங்க அக்கா. அந்த ஆப்ஷன் ஃபைல் தலையில கண்ணுக்குத் தெரியாத 3 பைட் சேர்க்கும். சில மெயில் டூல்ல முதல் நெடுவரிசையோட தலைப்பு அதனால பொருந்தாது. பேர் இருக்கற நெடுவரிசையை ரெண்டாவதா வைங்க.

[9:52] மீனா: 👍 போன்ல "சேலைக..."ன்னு அறுந்துடுது. 20% தெரியவே இல்ல.

[9:53] சித்தப்பா: அதை முன்னால கொண்டா. "20% தள்ளுபடி: தீபாவளிக் கைத்தறிச் சேலைகள்". க், ச்னு ஒற்றெழுத்தையும் விட்டிருந்த, போட்டாச்சு.

[9:54] அருண்: 😀 ஒற்று ஒண்ணுக்கு 6 பைட் கூடும் சித்தப்பா. புது ஃபங்ஷன் போட்டா கவலையில்ல.

[10:20] மீனா: மாத்திட்டேன். கடை கம்ப்யூட்டர்லயும் புள்ளியெல்லாம் சரியா வருது.