மறுமொழி: ‘கின்’ என்பதற்கு ‘உறவு’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘கின்’ (kin) என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு, ‘உறவு’ என்றே எழுதிவிடலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். கதை மொழிபெயர்ப்பில் சரி. ‘கித் அண்ட் கின்’ என்று வந்தால் நம் ‘உற்றார் உறவினர்’ அழகாகவே பொருந்தும். ‘கித்’ முதலில் அறிந்த மண்ணையும் அறிந்த மனிதர்களையும் குறித்தது; ‘கின்’ பிறப்பால் அமைந்தவர்களை. இன்று இரண்டையும் சேர்த்து வெறும் சொந்தக்காரர்கள் என்ற பொருளில்தான் பலர் சொல்கிறார்கள்.

உயிரியலுக்கு வந்தால் ‘உறவு’ உதைக்கிறது. 1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் வகுத்த கோட்பாட்டுக்கு, அதே ஆண்டு இன்னொரு உயிரியலாளர் மேனார்ட் ஸ்மித் ‘கின் செலக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார். தனக்கு ஆபத்து வந்தாலும் ஓர் உயிர் இன்னொன்றுக்கு ஏன் உதவுகிறது என்பதே கேள்வி; தன் மரபணுக்களைப் பகிர்ந்துகொண்ட உயிருக்கு உதவுகிறது என்பது இந்தக் கோட்பாட்டின் விடை. கலிபோர்னியாவின் பெல்டிங் தரை அணில்களைக் கவனித்து 1977-இல் பால் ஷெர்மன் எழுதியதைப் பாருங்கள். வேட்டை விலங்கு நெருங்கும்போது குரல் கொடுத்து எச்சரிப்பவை பெரும்பாலும் பெண் அணில்கள். அதுவும் தாயோ மகளோ சகோதரியோ அருகில் இருப்பவை.

இங்கே கணக்கு மரபணுவில்தான். இருவருக்கும் பொதுவாக வந்த மரபணுவின் பங்கு, கூடப்பிறந்தவர் என்றால் 1/2, பெற்றோரின் கூடப்பிறந்தவர் பிள்ளை என்றால் 1/8. நம் ‘உறவு’ சம்பந்தியையும் மருமகளையும் சேர்த்துக்கொள்ளும். வெளியில் பெண் எடுத்திருந்தால் அவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஒருவர் ‘பங்காளி’ என்றார். அதுவும் உதவாது. பெரியப்பா மகன் நமக்குப் பங்காளி, மாமன் மகன் மச்சான். ஒருவன் அண்ணன் முறை, மற்றவனுக்குத் தங்கையையே கட்டிக்கொடுக்கலாம். மரபணுக் கணக்கிலோ இருவருக்கும் அதே 1/8. எனக்கு நம் முறைப்பெயர்கள்மேல் அத்தனை பிரியம், ஆனால் அவை மண உறவை வகுக்கப் பிறந்தவை.

‘இரத்த உறவு’ வழக்கில் உள்ள சொல், கேட்டவுடன் விளங்கும். ஆனால் செடிக்கு ஏது இரத்தம்? ஒரே தாய்ச்செடியின் கன்றுகள் ஒரு தொட்டியில் வளரும்போது வேரை அடக்கி வளர்க்கின்றன, அந்நியச் செடிகளோடு வைத்தால் வேரைக் கூட்டுகின்றன என்று கடற்கரைக் கடுகினச் செடி ஒன்றில் 2007-இல் காட்டியிருக்கிறார்கள்.

‘கிளை’ என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுற்றத்தைக் கிளை என்றும் கிளைஞர் என்றும் சொல்வது சங்க வழக்கு. ஆனால் பரிணாம மரத்தின் கிளைகளைப் பற்றி அதே பாடத்தில் பேச வேண்டியிருக்கிறதே! மாணவர் குழம்பிப்போவார்.

அதனால் ‘மரபுறவு’ என்று முன்வைக்கிறேன். மரபணு, மரபியல் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அந்நியமாக இராது. அணிலுக்கும் செடிக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். மரபுறவுத் தேர்வு (kin selection), மரபுறவு அறிதல் (kin recognition) என்று தொடர்களும் தடையின்றி வருகின்றன. இலங்கை நண்பர்கள் இயற்கைத் தெரிவு என்று எழுதுவதால் அவர்களுக்கு ‘மரபுறவுத் தெரிவு’.

‘மரபு’ என்றதும் சம்பிரதாயம் நினைவுக்கு வருமோ என்று கேட்பீர்கள். உயிரியல் பாடத்தில் அந்தச் சிக்கல் வராது என்பது என் எண்ணம். வகுப்பெடுப்பவர்கள் சொல்லிப்பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.